ஸ்ப்ரேயர் பேட்டரி, ரெண்டு அலுமினியத் தகடு, போர் தண்ணில இருக்கற ஃப்ளோரைடு

சாமான் ரொம்ப கம்மிதான். மருந்தடிக்கற பேட்டரி ஸ்ப்ரேயர்ல இருக்கற 12 வோல்ட் 8 ஏஎச் பேட்டரி, ஜன்னல் கதவு செய்யற கடைல கழிச்சுப் போட்ட 3 எம்எம் அலுமினியத் தகடு ரெண்டு துண்டு, பத்து லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட், ரெண்டு கிளிப் வயர், ஒரு மல்டிமீட்டர், தங்கம் எடை போடற மாதிரி சின்ன பாக்கெட் தராசு, அப்புறம் ஃப்ளோரைடு பாக்கற கலர் கிட். இவ்ளோதான். தகடு தண்ணிக்குள்ள 10 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் ஒசரம் முங்கி இருக்கற மாதிரி பக்கெட் மேல ஒரு பிவிசி பட்டைய குறுக்க போட்டு அதுல வெட்டு வெச்சு ரெண்டு தகட்டையும் 3 சென்டிமீட்டர் இடைவெளில தொங்க விட்டாச்சு.

எதுக்கு இதுன்னா, போர் தண்ணில இருக்கற ஃப்ளோரைட கரண்ட் வெச்சு எடுக்கத்தான். அது என்ன பண்ணும்னு நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம். பல்லு கறை. மூட்டு வலி. ஊருக்குள்ள வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணி வருது, ஜப்பான் ஜைக்கா கடன்ல கட்டின கூட்டுக்குடிநீர் திட்டம், 2013ல தொறந்தாங்க, அந்தத் திட்டத்தோட பேர்லயே ஃப்ளோரோசிஸ் தணிப்புன்னு இருக்குது, ஃப்ளோரைடு அதிகமாகி வர்ற நோய்தான் ஃப்ளோரோசிஸ். ஆனா பாலக்கோடு பக்கம் எங்க கொல்லைல போர் தண்ணிதான். களை எடுக்க வர்றவங்க, மாடு, நாங்க எல்லாம் பகல் முழுக்க அததான் குடிக்கறோம், கேன் தூக்கிட்டுப் போனாலும் வெயிலுக்கு பத்தாது. அந்தத் தண்ணிய கிட்ல பாத்தா லிட்டருக்கு 3 மில்லிகிராம் பக்கம் காட்டுது. இந்தியத் தரம் ஐஎஸ் 10500 சொல்றது 1 மில்லிகிராம், வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும்.

மொதல்ல ஒரு சமாச்சாரம். இந்தத் தண்ணிய கொதிக்க வெச்சா சரியாயிடும்னு நெனைக்கற ஆளுங்க இன்னும் இருக்காங்க. ஆகாது. தண்ணிதான் ஆவியாப் போகும், ஃப்ளோரைடு அப்படியே நிக்கும், அளவு இன்னும் ஏறும். துணில வடிகட்டினாலும் போகாது, பானைல ஊத்தி தெளிய வெச்சாலும் போகாது. ஏன்னா அது தூசு இல்ல, ஒரு ஒத்த அணு, ஒரு எலக்ட்ரான அதிகமா வெச்சுக்கிட்டு சுத்திலும் தண்ணி மூலக்கூற போத்திக்கிட்டு திரியுது. அதான் அயனி. மின்சுமை இருக்கற வரைக்கும் தண்ணி அத விடாது. அத வெளிய இழுக்க ஒரு வழி, இன்னொரு அயனிய உள்ள எறக்கறது. நாங்க செஞ்சது அவ்ளோதான்.

அண்ணன் பையன் பத்தாவது. அவனும் கூட ஒக்காந்துட்டான், நோட்டு பேனாவோட. அவன் மொதல் கேள்வியே நல்ல கேள்வி. "சித்தப்பா, கரண்ட் விட்டாதானே அயனி வரும்?"

இல்ல. இததான் தகடு போடறதுக்கு முன்னாடியே காட்டினேன். டிடிஎஸ் மீட்டர பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர்ல விட்டா ரெண்டு மூணுன்னு காட்டுது, போர் தண்ணில விட்டா 1100க்கு மேல போகுது. மீட்டர் பாக்கறது தண்ணி வழியா எவ்ளோ கரண்ட் போகுதுங்கறத மட்டுந்தான், அத வெச்சு இவ்ளோ உப்பு இருக்கும்னு கணக்குப் போட்டு நம்பர் காட்டுது. டிஸ்டில்டு வாட்டர்ல சுமை தூக்கிட்டுப் போக ஆளே இல்ல. போர் தண்ணில ஏற்கனவே சோடியம், கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட், குளோரைடு, ஃப்ளோரைடுன்னு ஒரு கூட்டமே இருக்கு, நாம பேட்டரிய காட்டறதுக்கு முன்னாடியே. உப்பு தண்ணில கரைஞ்ச ஒடனே அயனியா பிரிஞ்சுதான் நிக்குது, கரண்டுக்காக காத்துக்கிட்டு இல்லன்னு 1884ல ஸ்வீடன்ல ஸ்வான்டே அரீனியஸ் தன்னோட ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதிக் குடுத்தாரு, பல்கலைக்கழகத்துல ரொம்ப கீழான தரம்தான் போட்டாங்க, அப்புறம் அதே விஷயத்துக்கு 1903ல நோபல் பரிசு வந்துச்சு. பையனுக்கு கெமிஸ்ட்ரிய விட இந்த மார்க் கதைதான் ரொம்ப புடிச்சுது.

சரி, இந்த ஃப்ளோரைடு எங்கேருந்து வந்துச்சு. பாறைலேருந்து. நம்ம பக்கம் எல்லாம் கிரானைட்டும் நைஸுங்கற (gneiss) வரிப் பாறையும், அதுல பயோடைட், ஹார்ன்பிளண்ட், அபடைட் மாதிரி தாதுல எல்லாம் ஃப்ளோரின் இருக்கு. ஆனா தனி ஃப்ளோரினா இல்ல, ஃப்ளோரைடாதான் இருக்கு. அதாவது எலக்ட்ரான வாங்கற வேலை எல்லாம் பூமி உருவாகறதுக்கு முன்னாடியோ அப்பவோ எப்பவோ முடிஞ்சுபோச்சு, இப்ப நடக்கறது பாறைலேருந்து தண்ணிக்கு எடம் மாறறது மட்டுந்தான். தண்ணில கால்சியம் நெறைய இருந்தா ஃப்ளோரைடு அதோட சேந்து கால்சியம் ஃப்ளோரைடா படிஞ்சிரும், அது தண்ணில ரொம்ப கம்மியாதான் கரையும். கால்சியம் சுக்கான் கல்லா மண்ணுல எறங்கிப் போயி சோடியமும் பைகார்பனேட்டும் மிச்சம் நின்னா ஃப்ளோரைட புடிக்க ஆள் இல்ல. அதனால, இத நல்லா கவனிங்க, சோப்பு நல்லா நொரைக்குது, பாத்திரத்துல வெள்ளை படியல, தண்ணி மெது தண்ணின்னு சந்தோஷப்படற போர்ல ஃப்ளோரைடு அதிகமா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. உப்புக் கரிக்கற தண்ணிய பாத்துதான் எல்லாரும் பயப்படறாங்க.

இப்ப தகட்டுக்கு வரலாம். ரெண்டு தகட்டையும் உப்புத்தாள் போட்டு தேச்சு, கழுவி, காயவெச்சு, தராசுல எடை எழுதிக்கிட்டோம். தேய்க்கறது முக்கியம், அலுமினியம் காத்து பட்டாலே மேல கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒண்ணு போட்டுக்கும், அது இருந்தா கரண்ட் சரியா போகாது. போர் தண்ணில கொஞ்சம் குளோரைடு இருக்கறது இந்த எடத்துல நமக்கு ஒதவி, அது அந்தத் தோல அங்கங்க பொத்துப் போட்டுரும். பேட்டரி ப்ளஸ் ஒரு தகட்டுக்கு, மைனஸ் இன்னொண்ணுக்கு, நடுவுல மல்டிமீட்டர 10 ஆம்பியர் ரேஞ்சுல வெச்சு மாட்டினா 1 ஆம்பியர் கிட்ட காட்டுச்சு. தகட்ட கிட்ட நகத்தினா ஏறும், தள்ளி வெச்சா கொறையும். 1 ஆம்பியர்ல நிக்கற மாதிரி வெச்சுக்கிட்டா கணக்குக்கு சுலபம்.

மைனஸ் தகட்டுல ஒடனே பொடிப்பொடியா குமிழி. அது ஹைட்ரஜன். கொஞ்சம்தான் வரும், ஆனாலும் மூடின ரூம்ல வெச்சு செய்யாதீங்க, பக்கெட்ட மூடாதீங்க, பக்கத்துல பீடி கீடி பத்த வெக்காதீங்க. நாங்க மோட்டார் கொட்டாய்க்கு வெளிய புங்க மரத்தடில வெச்சோம்.

ப்ளஸ் தகட்டுல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனா நெஜ வேலை அங்கதான். ஒவ்வொரு அலுமினிய அணுவும் மூணு எலக்ட்ரான வயர்ல விட்டுட்டு தண்ணில எறங்குது. அலுமினியத்துல 13 புரோட்டான், 13 எலக்ட்ரான். மூணு போனா எலக்ட்ரான் பத்து, புரோட்டான் அதே 13, அதனால மூணு ப்ளஸ். புரோட்டான் ஏறவும் இல்ல எறங்கவும் இல்ல, அது நடு அணுக்கருல அப்படியே இருக்கு. பசங்க இங்கதான் கொழம்பறாங்க, ப்ளஸ் அயனின்னா ஏதோ ப்ளஸ் வந்து சேந்துச்சுன்னு நெனைக்கறாங்க. வந்து எதுவும் சேரல, மைனஸ் கெளம்பிப் போயிருச்சு, அவ்ளோதான்.

"ஏன் மூணோட நிக்குது, பேட்டரிதான் இழுக்குதே, நாலு அஞ்சு எடுக்கலாமே"ன்னான். இதுக்கு நம்பர்தான் பதில். ஒரு மோல், அதாவது 27 கிராம், அலுமினிய ஆவிலேருந்து மொதல் எலக்ட்ரான எடுக்க 578 கிலோஜூல் ஆகும், ரெண்டாவதுக்கு 1817, மூணாவதுக்கு 2745. நாலாவதுக்கு 11577. நம்ம ஊர்ல கெணறு வெட்டற மாதிரி, மேல மண்ணு, அப்புறம் சரளை, அதுவரைக்கும் கடப்பாறை போதும், பாறை வந்துட்டா வெடி வெச்சாதான் ஆச்சு. மூணு எலக்ட்ரான் வெளி வட்டத்துல இருந்தது, நாலாவது உள் வட்டம், அணுக்கருவுக்கு ரொம்ப கிட்ட, நடுவுல மறைக்க ஆள் கம்மி. சோடியத்துக்கு இந்தப் பாறை ரெண்டாவது எலக்ட்ரான்லயே வந்துரும், 496லேருந்து 4562க்கு தாவும், அதனால அது ஒரு ப்ளஸ்ஸோட நிக்குது. மெக்னீசியத்துக்கு மூணாவதுல. யாருக்கு எந்த எடத்துல பாறைன்னு தெரிஞ்சா யாரு எத்தன ப்ளஸ்னு மனப்பாடம் பண்ணவே வேணாம்.

இன்னொண்ணும் சொல்லணும், புத்தகத்துலயும் டியூஷன்லயும் சோடியம் எலக்ட்ரான குடுக்க ஆசைப்படும், குளோரின் வாங்க ஆசைப்படும், வெளி வட்டத்துல எட்டு எலக்ட்ரான் ஆனா நிம்மதின்னு சொல்லிக் குடுக்கறாங்க பாருங்க, எனக்கு அது சுத்தமா புடிக்காது. சோடியம் சும்மா குடுக்கல, 496 வாங்கிட்டுதான் குடுக்குது. குளோரின் அந்த எலக்ட்ரான வாங்கறப்போ திரும்பக் கெடைக்கறது 349. கூட்டிக் கழிச்சா 147 கிலோஜூல் நஷ்டம். தனித்தனி அணுவா காத்துல இருந்தா இந்த வியாபாரமே நடக்காது. அப்புறம் எப்படி உப்பு வருதுன்னா, ப்ளஸ்ஸும் மைனஸும் நெருங்கி அடுக்கு அடுக்கா படிகமா ஒக்காரும்போது 787 கிலோஜூல் வெளிய வருது, அதுதான் எல்லா கடனையும் அடைக்குது. ஆசை இல்ல, கணக்கு.

நம்ம பக்கெட்ல அலுமினியத்துக்கு மூணு எலக்ட்ரானுக்கும் சேத்து 5100க்கு மேல ஆகுதே, அத யாரு குடுக்கறாங்க. ஸ்ப்ரேயர் பேட்டரி கொஞ்சம், ஆனா பெரும்பங்கு தண்ணிதான். அவ்ளோ சின்ன அயனி, மூணு ப்ளஸ், அதச் சுத்தி ஆறு தண்ணி மூலக்கூறு ஆக்சிஜன் பக்கத்த உள்ள திருப்பிக்கிட்டு ஒட்டிக்கும், அப்ப வெளிய வர்ற ஆற்றல் அந்தச் செலவுல பெரும்பகுதிய கட்டிரும். தண்ணி இல்லாம வெறும் காத்துல 12 வோல்ட்ட காட்டினா அலுமினியம் அசையாது.

பையன் இங்க ஒரு சரியான மடக்கு போட்டான். "சித்தப்பா, ப்ளஸ் அயனிதானே மைனஸ் தகட்டுக்குப் போகும், அப்ப தண்ணில இருக்கற சோடியம் எல்லாம் அங்க போயி சோடியமா ஒட்டணுமே, ஏன் ஒட்டல?" போகுது, ஆனா எலக்ட்ரான வாங்கல. வயர்ல வர்ற எலக்ட்ரான் யாரு சுலபமா வாங்கறாங்களோ அவங்ககிட்டதான் போகும், சோடியத்த விட தண்ணியே சுலபமா வாங்கிக்கும், வாங்கி ஹைட்ரஜன் குமிழியாவும் ஹைட்ராக்சைடு மைனஸ் அயனியாவும் ஒடையும். அதே மாதிரி ப்ளஸ் தகட்டுப் பக்கம் போற ஃப்ளோரைடு அந்த எலக்ட்ரான திருப்பிக் குடுத்து ஃப்ளோரின் வாயுவாகறதும் நடக்காது. ஃப்ளோரைடுகிட்ட எலக்ட்ரான புடுங்கறது வேதியியல்லயே கஷ்டமான வேலை, தண்ணி இருக்கற எடத்துல நடக்கவே நடக்காது. 1886ல ஆன்றி முவாசான் தண்ணியே இல்லாம ஹைட்ரஜன் ஃப்ளோரைட குளிர வெச்சு கரண்ட் விட்டுதான் மொத மொதல்ல பிரிச்சு எடுத்தாரு. அதே 1886லதான் அமெரிக்காவுல ஹாலும் பிரான்ஸ்ல ஏரூவும் தனித்தனியா அலுமினியத்த கரண்ட் வெச்சு எடுக்கற வழிய கண்டுபுடிச்சாங்க. அவங்க அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு, கரைக்க உபயோகிச்சது கிரையோலைட்ங்கற தாது, அதுல ஒரு அலுமினியத்த சுத்தி ஆறு ஃப்ளோரைடு. அலுமினியமும் ஃப்ளோரைடும் ஒண்ண ஒண்ணு விடாது, அது அப்பவே தெரிஞ்ச சங்கதி. பக்கத்து மேட்டூர்ல மால்கோ ஃபேக்டரில ஏற்காடு கொல்லிமலை பாக்சைட்ட வெச்சு அலுமினியம் எடுத்தாங்களே, அங்க அலுமினிய அயனிக்கு எலக்ட்ரான திணிச்சாங்க, இங்க நாங்க அதே எலக்ட்ரான திரும்ப உருவறோம்.

ஒரு அஞ்சு பத்து நிமிஷத்துல தண்ணி லேசா கலங்க ஆரம்பிக்கும். அப்புறம் வெள்ளையா பஞ்சு மாதிரி துகள் மிதக்கும், ஹைட்ரஜன் குமிழி அத தூக்கிட்டு வந்து மேல நொரையா சேக்கும். அலுமினிய ப்ளஸ்ஸும் மைனஸ் தகட்டுல வந்த ஹைட்ராக்சைடும் சேந்த அலுமினியம் ஹைட்ராக்சைடு அது. அப்பப்போ ஒரு குச்சி வெச்சு மெதுவா கிண்டி விட்டோம், வேகமா கிண்டினா துகள் ஒடைஞ்சு பொடியாயிரும், அப்புறம் படியாது.

இப்பதான் எனக்கு ரொம்ப புடிச்ச பாகம். ஃப்ளோரினுக்கு 9 எலக்ட்ரான், ஒண்ணு வாங்கினா பத்து. சோடியம் 11லேருந்து ஒண்ணு விட்டா பத்து. மெக்னீசியம் 12, ரெண்டு விட்டா பத்து. அலுமினியம் 13, மூணு விட்டா பத்து. பக்கெட்ல இந்த நாலு பேரும் பத்து எலக்ட்ரானோட நிக்கறாங்க, ஆனா உள்ள புரோட்டான் வேற வேற, அதனால சைஸும் வேற. ஃப்ளோரைடோட ஆரம் சுமார் 133 பிக்கோமீட்டர், சோடிய அயனி 102, மெக்னீசியம் 72, அலுமினியம் 54. புரோட்டான் ஏற ஏற அதே பத்து எலக்ட்ரான உள்ள இழுத்துச் சுருக்குது. இப்ப ஹைட்ராக்சைட எண்ணுங்க, ஆக்சிஜனுக்கு 8, ஹைட்ரஜனுக்கு 1, மைனஸுக்கு 1, அதுவும் பத்து. அதோட ஆரமும் கிட்டத்தட்ட 137. ஒரே மைனஸ், ஒரே எலக்ட்ரான் கணக்கு, கிட்டத்தட்ட ஒரே சைஸ். ஹைட்ராக்சைடு ஒக்கார வேண்டிய எடத்துல ஃப்ளோரைடு வந்து ஒக்காந்தா அந்த அலுமினியத் துகளுக்கு பெருசா வித்தியாசமே தெரியாது. அப்படிதான் புடிபடுது.

இதே காரணத்துக்குதான் நம்ம பல்லும் எலும்பும் அத புடிச்சுக்குது. பல்லு எனாமல்ல இருக்கறது ஹைட்ராக்சி அபடைட், கால்சியம் பாஸ்பேட்டும் ஹைட்ராக்சைடும் சேந்தது. அந்த ஹைட்ராக்சைடு எடத்துல ஃப்ளோரைடு ஏறுது. கொஞ்சமா ஏறினா எனாமல் கெட்டி ஆகுது, பேஸ்ட்ல அதுக்குதான் போடறான். பல்லு வளர்ற வயசுல அதிகமா போனா எனாமல் சரியா உருவாகாம திட்டுத் திட்டா கறை, வருஷக்கணக்கா போனா எலும்பு, மூட்டு, முதுகு. களை எடுக்க வர்ற பெரியம்மா ஒருத்தங்க எட்டிப் பாத்துட்டு "ஏம்ப்பா, இந்த நொரைக்குள்ள இருக்கறதுதான் எங்க பல்லுல இருக்குதா"ன்னாங்க. ஆமாங்க பெரியம்மா, அதேதான்னேன். "அப்ப எனக்கு ரெண்டு தகடு கட்டி விடு"ன்னு சிரிச்சாங்க. ஏற்கனவே பல்லுல ஏறினத எறக்க இது ஆகாதுங்க, இனிமே குடிக்கறதுக்குதான்னு சொன்னேன்.

ஒரு மணி நேரம் ஆனதும் கிளிப்ப கழட்டி, தகட்ட கழுவி காயவெச்சு திரும்ப எடை போட்டோம். எவ்ளோ கரண்ட் போனா எவ்ளோ உலோகம் கரையும்னு சொல்ற ஃபாரடே கணக்குப்படி 1 ஆம்பியர் ஒரு மணி நேரம்னா 3600 கூலும் (மின்சுமையோட அளவு), ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96485 கூலும், மூணால வகுத்து அலுமினியத்தோட 27ஆல பெருக்கினா சுமார் 0.34 கிராம் போயிருக்கணும். ப்ளஸ் தகடு 0.36 கொறைஞ்சிருந்துச்சு. பரவால்ல. ஆனா மைனஸ் தகடும் 0.05 கொறைஞ்சிருந்துச்சு, பையன் தராசு கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டான்.

தராசு கெடல. மைனஸ் தகட்ட ஒட்டி ஹைட்ராக்சைடு கூட்டமா சேருது, அங்க மட்டும் தண்ணி காரமா ஆகுது. அலுமினியம் அமிலத்துலயும் கரையும் காரத்துலயும் கரையும், சோடா உப்பு தண்ணில அலுமினிய சட்டிய ஊற வெச்சா கறுத்துப் போகுமே அந்த மாதிரி. காரத்துல கரைஞ்சா ஒரு அலுமினியத்த சுத்தி நாலு ஹைட்ராக்சைடு ஒட்டி மொத்தமா ஒரு மைனஸ் சுமையோட அலுமினேட் அயனியா போகும். அதாவது ஒரே பக்கெட்ல, ஒரே உலோகம், ஒரு தகட்டுலேருந்து ப்ளஸ் அயனியாவும் இன்னொரு தகட்டுலேருந்து மைனஸ் அயனிக்குள்ளயும் போகுது. நடுவுல இருக்கற அலுமினியம் ரெண்டுலயும் மூணு எலக்ட்ரான விட்டதுதான், ஆனா சுத்தி நிக்கற நாலு மைனஸ சேத்துக் கூட்டினா மொத்தம் மைனஸ் ஒண்ணு. உலோகம்னா ப்ளஸ் அயனிலதான் இருக்கும்னு எழுதி வெச்சிருந்த நோட்டுல அவன் அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டுக்கிட்டான். நல்லது.

இதனாலதான் பிஎச், அதாவது தண்ணி அமிலமா காரமான்னு சொல்ற நம்பர், முக்கியம். 6லேருந்து 7 வரைக்கும் இருந்தா துகள் நல்லா கட்டும், ஃப்ளோரைடும் நல்லா புடிபடும். எங்க தண்ணி 8க்கு மேல, சோடியம் பைகார்பனேட் தண்ணி அப்படிதான் இருக்கும், ரொம்ப ஏறினா அலுமினியம் அலுமினேட்டாவே தண்ணில தங்கிரும், ஃப்ளோரைட ஹைட்ராக்சைடு தள்ளியும் விட்டுரும். எலுமிச்சம்பழம் புழிஞ்சா பிஎச் எறங்குமேன்னு கேப்பீங்க. வேணாம். அதுல இருக்கற சிட்ரேட்டும் ஒரு மைனஸ் அயனிதான், அலுமினியத்த அது இறுக்கிப் புடிச்சுக்கிட்டா துகளே கட்டாது. நாங்க ஒரு சிட்டிகை படிகாரம் போட்டோம். படிகாரத்துல பொட்டாசியம் ப்ளஸ், அலுமினியம் மூணு ப்ளஸ், சல்பேட் ரெண்டு மைனஸ் இருக்கு, அந்த அலுமினியம் தண்ணிய ஒடைச்சு ஹைட்ரஜன் அயனிய விடறதால பிஎச் எறங்குது, கூடவே துகளுக்கும் கொஞ்சம் அலுமினியம் சேருது. படிகாரம் சுண்ணாம்பு வெச்சே ஃப்ளோரைடு எடுக்கற நல்கொண்டா முறைன்னு ஒண்ணு இருக்கு, நாக்பூர்ல இருக்கற நீரிங்கற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்துல உருவாக்கினது, ஆனா அதுல சல்பேட் தண்ணில நெறைய ஏறும், சேறும் ஜாஸ்தி. தகடு வெச்சா தேவைக்கு மட்டும் அலுமினியம் எறங்கும்.

தண்ணிய ராத்திரி முழுக்க அசைக்காம வெச்சு, தெளிஞ்சத மட்டும் டியூப் போட்டு உறிஞ்சி, நாலு மடிப்பு காடாத் துணிக்கு மேல கழுவின ஆத்து மணல் போட்டு வடிகட்டினோம். அப்புறம் கிட்.

கிட் வேலை செய்யற விதமே அயனி வேலைதான். அதுல சிர்கோனியமும் ஒரு சாயமும் சேந்து செவப்பா இருக்கும். ஃப்ளோரைடு வந்தா சாயத்துகிட்டேருந்து சிர்கோனியத்த இழுத்துட்டுப் போயிரும், ஒரு சிர்கோனியத்துக்கு ஆறு ஃப்ளோரைடு வரைக்கும் ஒட்டும், சாயம் தனியா நின்னு மஞ்சளா மாறும். நேரா போர்லேருந்து எடுத்த தண்ணி மஞ்சள் அடிச்சுது, வடிகட்டினது நல்ல செவப்பு. பையன் கை தட்டிட்டான். நான் தட்டல, ஏன்னா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. தண்ணில அலுமினியம் மிச்சம் இருந்தா அது ஃப்ளோரைட புடிச்சு வெச்சுக்கிட்டு சிர்கோனியத்துகிட்ட விடாது, கிட் ஃப்ளோரைடு கம்மின்னு பொய் சொல்லும். சாயம் கலந்து ரெண்டு மணி நேரம் விட்டு திரும்பப் பாக்கணும், கலர் மஞ்சள் பக்கம் நகந்தா அலுமினியம் இருக்குன்னு அர்த்தம். கொஞ்சம் நகந்துச்சு. அதனால ரெண்டு பாட்டில், பிளாஸ்டிக் பாட்டில்தான், தண்ணி பரிசோதனை லேபுக்கு குடுத்து விட்டேன். அங்க லாந்தனம் ஃப்ளோரைடு படிகம் வெச்ச எலக்ட்ரோடுல பாப்பாங்க, அலுமினியத்துகிட்டேருந்து ஃப்ளோரைட பிரிச்சு விடற கரைசல மொதல்ல கலந்துட்டுதான் அளப்பாங்க, அதனால ஏமாத்த முடியாது. போர் தண்ணி 3.1, நம்ம பக்கெட் தண்ணி 0.9. அலுமினியம் 0.14 வந்துச்சு. ஐஎஸ் 10500ல அலுமினியத்துக்கு 0.03, வேற வழி இல்லன்னா 0.2. ஃப்ளோரைடு பாஸ், அலுமினியம் ஏதோ எல்லைக்குள்ள. மணல் வடிகட்டிய இன்னும் ஆழமா வெச்சா கொறையும்னு நெனைக்கறேன், ஏன்னா மிச்சம் இருந்தது கரைஞ்ச அலுமினியத்த விட படியாத பொடித் துகளாதான் இருக்கணும், பிஎச் 7ல கரைஞ்சு நிக்கறது ரொம்ப கம்மி. லேப் ரிசல்ட் இல்லாம யாரும் கிட் கலர மட்டும் நம்பி குடிக்க ஆரம்பிக்காதீங்க, வீட்ல கொழந்தைங்க இருந்தா ஒகேனக்கல் தண்ணியோ ஆர்ஓவோதான் நல்லது.

மைனஸ் தகட்டுல வெள்ளையா ஒரு படிவு ஒட்டுது, அது கால்சியம் கார்பனேட், அங்க காரமா இருக்கறதால கால்சியம் வந்து படியுது. அது தடிச்சா கரண்ட் எறங்கும். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ப்ளஸ் மைனஸ மாத்தி மாட்டிட்டா படிவு தானா உதிந்துரும், ரெண்டு தகடும் சமமா தேயும். இன்வெர்ட்டர் கடைல கெடைக்கற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒண்ணு போடப் போறேன். சேற்ற மாட்டுக் கொட்டாய்ல, கெணத்து மேட்டுல கொட்டாதீங்க, அதுலதான் புடிச்ச ஃப்ளோரைடு மொத்தமும் இருக்கு, காயவெச்சு பழைய பெயின்ட் டப்பால போட்டு மூடி வெச்சிருக்கேன், சிமெண்ட் வேலை நடக்கும்போது கலவைல போட்டுரலாம்.

செலவு பாத்தா, ஒரு பக்கெட்டுக்கு 12 வாட் ஹவர், புது பேட்டரி முழு சார்ஜுல ஆறேழு பக்கெட் தாங்கும். தகடு முங்கற பாகம் ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 97 கிராம். பாதி தேஞ்சதும் மாத்தணும், இல்லன்னா ஓட்டை விழுந்து துண்டு துண்டா ஒடையும். பக்கெட்டுக்கு ரெண்டு தகட்டுலயும் சேத்து 0.4 கிராம் போகுதுன்னு வெச்சுக்கிட்டா ஒரு ஜோடி 240 பக்கெட் வரைக்கும் வரும். மாட்டுக்கு தொட்டி தொட்டியா இதுல செய்ய முடியாது, அதுக்கு சோலார் பேனல் நேரா தகட்டுல மாட்டி 200 லிட்டர் டிரம்ல பாக்கணும், இதே அளவு வேணும்னா 20 ஆம்பியர் ஒரு மணி நேரம் விடணும், நாலஞ்சு ஜோடி தகடு பக்கத்துல பக்கத்துல. தகட்டுக்கு அதே ஜன்னல் கடைல சொல்லி வெச்சிருக்கேன்.